மடியில் இருந்த ஆற்று மண்

மட்டக்களப்பு பஸ்ஸில் சரியான நெரிசல். எனக்கு முன் இருக்கையில் இருந்த மாமி, பக்கத்தில் நின்ற, கம்பஸில் படிக்கும் பிள்ளையின் பையை வழக்கம்போல வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“என்ன புள்ள, இவ்வளவு பாரமா இரிக்கு?”

“ஆத்து மண் மாமி. கதிர்வீச்சு எவ்வளவு இரிக்கெண்டு அளக்கக் கொண்டுபோறன்.”

“புற்றுநோய் வருமெண்டு சொல்ற அதுவா?”

“கூடினாத்தான் மாமி. இயற்கையா எல்லா மண்ணிலயும் கொஞ்சம் இரிக்கும்.”

மாமி சட்டென எழும்பினார். “நீயே இருந்து உன்ட மடியில வை.”

பிள்ளை சந்தோசமாக அந்த இருக்கையில் இருந்துகொண்டாள். பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டியது.

“எந்த ஆத்து மண் புள்ள?”

“சித்தாண்டி ஆத்து மண்.”

“அதிலதான் எங்கட வீட்டுக்குச் செங்கல் அறுத்தது. பத்து வருசமா அதுக்குள்ளதான் படுக்கிறன். எழும்பு புள்ள, என்ட சீட்ட தா. பையையும் தா.”