சிவப்புக் கட்டம்

துடைத்த தரை காய்வதற்குள் யாராவது மிதித்துவிட்டால் எனக்குக் கோபம் வராது. மறுபடி துடைத்துவிடுவேன். பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் அங்கம்மாள் கோபக்காரி இல்லை என்றுதான் சொல்வார்கள், ஐயா.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அகிலா. நோயாளிகள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண், என் மகள் வயது. அவள் சாப்பிடப் போகும்போது மேசையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் என்றாலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்: ‘சிவப்புக் கட்டம் வந்தால் வைரஸ். நீல ஒயரைப் பிடுங்கு. என்னைக் கூப்பிடு.’ நானாக முழுசாக வாசித்த முதல் தாள் அது.

ஒருநாள் மத்தியானம் கட்டம் வந்தது. பிடுங்கினேன். அகிலாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். பில் போடுகிற இடம் நின்றுபோய் சனங்கள் கத்தினார்கள். பிறகுதான் தெரிந்தது, ஊழியர்கள் உஷாராக இருக்கிறார்களா என்று பார்க்கக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய பொய்க் கட்டமாம்.

“யார்மா கை வெச்சது?” என்றார் மேனேஜர் சிவபாலன். நான் அகிலாவைப் பார்த்தேன்.

“நான் பாத்ரூம் போயிருந்தேன் சார். இதுக்குப் படிக்கத் தெரியாது. எதையோ பாத்து பயந்துக்கினு புடுங்கிடுச்சு.”

தாளைக் காட்டலாம் என்று சுவரைப் பார்த்தேன். பசை மட்டும் இருந்தது.

“துடைப்பம் புடிக்கிற கைக்கு கம்ப்யூட்டர் கேக்குதா?” என்றார் மேனேஜர். வார்டு ஆட்கள், “அங்கம்மாக்கா, போறப்ப கரண்டு கம்பத்தையும் புடுங்கிக்கினு போயிடாதக்கா” என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் அகிலா வந்து, “வேலை போயிடும்னு பயந்துட்டேன்கா. மனசுல வெச்சிக்காத” என்றாள். இல்லம்மா என்றேன். அதுவும் உண்மைதான்.

அடுத்த மாதம், மேனேஜருக்குத் தெரியாமல், மறுபடி மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள். சிவப்புக் கட்டம் வந்தது. இந்தத் தடவை அதற்குக் கீழே நோயாளிகள் பெயர் ஒவ்வொன்றாக மறைந்தது. மறைவதற்குள் சிலதை என்னால் வாசிக்க முடிந்தது. நீல ஒயர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. நான் மேசையைத் துடைத்தேன்.

அகிலாவை யாரும் திட்டவில்லை. “உன்மேல தப்பில்லமா, யார் இருந்தாலும் வைரஸ் வந்திருக்கும்” என்று சொல்லி மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால்தான் அவளைக் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நெசவுக்காரர் கந்தனைக் காய்ச்சலில் நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். முன்பு ஒரு தடவை ஒரு ஊசி போட்டு மூச்சடைத்துப் பிழைத்தவர். இனி அந்த ஊசி கூடாது என்று அவர் மனைவி கலாவதி அம்மாள் சொல்லச் சொல்ல அகிலா ஏற்றியபோது நான் அங்கேதான் பெருக்கிக்கொண்டிருந்தேன். இப்போது வந்த புது டாக்டர் அதே ஊசியின் பெயரைச் சொன்னார்.

“பழைய விவரம் பாருமா.”

“திறக்க மாட்டேங்குது சார்.” அகிலா அழுதுவிடுவாள் போலிருந்தது.

“கூட வந்தவங்க எங்க?”

கலாவதி அம்மாள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். டாக்டர் காத்திருக்கவில்லை. நர்ஸ் ஊசியை எடுத்தார். நான் பக்கெட்டோடு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

கலாவதி அம்மாள் விசாரணையில் உங்களிடம் சொன்னது சரிதான், ஐயா. அவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். “ஊசி போடறாங்களா? அவருக்கு ஒண்ணு ஆகாதுமா, சொல்லணும். கொஞ்சம் வழி விடு.”

“உள்ள விட மாட்டாங்கமா. அதெல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்குது. உக்காருங்க” என்றேன்.

என்னை நம்பி உட்கார்ந்தார். உள்ளே கந்தனுக்கு மூச்சு நின்றது. இந்தத் தடவை திரும்பவில்லை.

நான் சொன்னது பொய் இல்லை, ஐயா. முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் அதில் இருந்தது.