தாளில் எழுதியிருந்த வழி

ரொட்டியின் ஓரத்தை வெட்டினால் ஹெக்டருக்குப் பிடிக்காது. ஓரத்தோடு நான்கு துண்டு, நடுவில் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும், ஒரு ஆப்பிள், ஃபிளாஸ்க்கில் பால் விடாத தேநீர். அந்த வெள்ளிக்கிழமை மாலையும் அதையெல்லாம்தான் எடுத்துவைத்தேன். சாப்பாட்டு மேசையில் பென் லோரக் மலையின் வரைபடம் விரிந்து கிடந்தது.

"மேலே காத்து நாப்பது மைல் வேகம்னு ரேடியோவில சொல்றான்," என்றேன்.

"நாப்பதுன்னா தொப்பி பறக்கும். அறுபதுன்னாதான் நான் பறப்பேன். படு, எல்சி."

"எந்தப் பக்கமா ஏறப் போறீங்க?"

"கிழக்கு முகடுதான். மேற்கைத்தான் நீ பூட்டி, சாவியை இடுப்புல செருகி வெச்சிருக்கியே."

போன வருடம் மேற்கு ஓடையருகே அவருக்குத் தலை சுற்றியது. அதிலிருந்து அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே தாளில் எழுதினார்: கிழக்கு முகடு வழியாக ஏற்றம், அதே வழியில் இறக்கம், ஐந்து மணிக்குள் வீடு, ஏழு தாண்டினால் போலீசுக்குச் சொல். மலைக்குப் போகிறவர் வீட்டில் இப்படி ஒரு தாள் வைத்துவிட்டுப் போவதும், ஆள் திரும்பாவிட்டால் அந்தத் தாளை வைத்து மீட்புக் குழு தேடுவதும் நம் ஊர் வழக்கம். ஃபார்க்கர், உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

குழுத் தலைவர் பொறுப்பை நீ விட்டுவிட்டதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். இருபத்திரண்டு பேரை மலையின் தவறான பக்கத்தில் நிறுத்திவைத்தது உன் பிழை என்று நினைக்கிறாயாம். நூலக வண்டியில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். ஒரு புத்தகம் தவறான அடுக்கில் இருந்தாலே எனக்குத் தாங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிழக்கு முகட்டில் இருப்பது கரிய சேறு. மேற்கே ஓடைக்கரையில் மட்டும்தான் செம்மண். ஆகஸ்டிலிருந்து மூன்று சனிக்கிழமை, தாளில் கிழக்கு என்று எழுதிவிட்டுப் போனவரின் பூட்ஸில் செம்மண் ஒட்டியிருந்தது. பூட்ஸைக் கழுவுவது நான். மேற்கு அடிவாரத்தில் இருப்பது ஒரே வீடு. அதில் இருப்பது ரோனா மக்காஸ்கில், தனியாக. ஒரு தடவை அவர் பையில் ஆறு வாத்து முட்டைகள் இருந்தன. "வழியில ஒருத்தங்க குடுத்தாங்க," என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் தயாரிக்க நேரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமை ஏழு அடித்ததும் போலீசுக்குப் பேசினேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள். தாளில் இருந்ததை எழுத்து மாறாமல் வாசித்தேன்.

ஞாயிறு விடிந்ததும், குழு கூடியிருந்த ஊர் மண்டபத்தில் வைத்து நீ கேட்டாய்: "எல்ஸ்பெத், அவர் வேற பக்கம் போயிருக்க வாய்ப்பிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எழுதினா எழுதினதுதான். மாத்துற ஆள் இல்ல அவர்," என்றேன்.

அப்போது ஹெக்டர் ரோனாவின் சமையலறையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் நம்பினேன். ஊரே கிழக்கு முகட்டில் மழையில் நனைந்து தேட, அவர் காய்ந்த காலுறையோடு மேற்கிலிருந்து நடந்து வர வேண்டும். எல்லோரும் பார்க்க வேண்டும். ஒரு மனைவிக்கு அப்படித் தோன்றுவது பெரிய குற்றம் என்று எனக்கு இப்போதும் படவில்லை.

பதினொரு மணிக்கு ரோனா உங்களுக்கெல்லாம் சூப் பானையோடு வந்தாள்.

"ஒரு கிண்ணம் குடிங்க எல்ஸ்பெத். உங்க ஆளு வந்ததும் திட்டணும்ல, அதுக்குத் தெம்பு வேணும்."

"நேத்து உங்க வீட்டுப் பக்கம் வந்தாரா?"

"நேத்து அடிச்ச மழைக்கு நான் கதவையே தொறக்கல. மத்த சனிக்கிழமை வேலியோரமா நின்னு பேசிட்டுப் போவாரு. பேச்சு பூரா உங்க கேக்கைப் பத்தித்தான். வாத்து முட்டை போட்டாத்தான் உங்களுக்கு சரியா வருமாமே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேற்குப் பக்கமும் தேடுறாங்கல்ல? அவர் எப்பவும் அங்கதானே ஏறுவாரு. நான் போய் ஃபார்க்கர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"சொல்லியாச்சு," என்றேன். "காலையிலேயே சொல்லிட்டேன்."

அவள் நிம்மதியாகக் கிண்ணங்களைக் கழுவப் போய்விட்டாள்.

ஹெக்டரின் உயிர் பிரிந்தது அந்த ஞாயிறு மாலை நான்கு மணியளவில் இருக்கும் என்கிறார் டாக்டர். பதினொன்றிலிருந்து நான்கு வரை நீ இரண்டு தடவை என்னைக் கடந்து போனாய். இரண்டாம் தடவை என் தோளில் கம்பளி போர்த்தினாய். வாயைத் திறந்திருந்தால், காலையில் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்டிருப்பாய், ரோனா பக்கத்தில் நிற்கும்போது. சூப்பைக் குடித்து முடித்தேன். உப்பு சரியாக இருந்தது.

திங்கட்கிழமை மான் காவலரின் நாய்தான் அவரைக் கண்டுபிடித்தது. மேற்கு ஓடைக்கரை, கால் ஒடிந்து, பல்லிடுக்கில் விசில்.

மேற்கு வழியில் மேலே இருக்கும் மலைக்குடிலுக்கு வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டை வாங்கி வந்து பார்த்தேன். அந்த மூன்று சனிக்கிழமைகளிலும், இந்தக் கடைசிச் சனிக்கிழமையிலும் அவர் கையெழுத்து. நான்கிலும் 'ஒருவர் மட்டும்'. செப்டம்பர் பக்கத்தில் கூடுதலாக ஒரு வரி: "என் வீட்டுக்காரியைப் பாத்தா சொல்லிடாதீங்க. நான் கிழக்குல பத்திரமா நடந்துட்டு இருக்கேன்னு நெனச்சு அவ நிம்மதியா இருக்கா." பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் வேறு பெயர் எதுவும் அழிக்கப்பட்டிருக்கவில்லை. ஆனால் வீட்டுத் தாளில் பொய் எழுதியவர் குடில் நோட்டில் மட்டும் உண்மை எழுதியிருப்பார் என்று எப்படி நம்புவது? ரோனா விஷயத்தில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு வரவில்லை.

உன்மேல் பிழை இல்லை. பொறுப்பைத் திரும்ப ஏற்றுக்கொள். இந்தக் கடிதத்தைப் போலீசில் காட்டுவதானால் காட்டு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

நேற்று மண்டப வாசலிலிருந்து அந்த ஓடை வரை நடந்து பார்த்தேன். வரைபடத்தில் போட்டிருக்கிறபடியே இரண்டரை மைல். என் முழங்காலுக்கே ஒரு மணி பத்து நிமிடம்தான் ஆகிறது.