ரேடியோ ஓடாத வீடுகளிலிருந்து வந்த பாராட்டு

என் தயக்கத்தையும் சேர்த்துத் தாங்கும் தலைவர் திருமதி பெரில் ஹாக்ஸ்வொர்த் அவர்களே, ஆர்ல்ஸ்பி நகரின் மூத்தோரே, அடுப்புக்கு முன்பே வானொலியைத் திருகிவிடும் தாய்மார்களே, வானொலி நிலைய மேலாளர் அவர்களே, அதன் நட்சத்திர அறிவிப்பாளர் டெரிக் ஃபாஸ்டைக் அவர்களே, வணக்கம்.

சற்றுமுன் நம் திரைப்படக் கழகத்தில் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தோம். புகழ்ப் பசிகொண்ட வானொலிக்காரர், குரலை மாற்றி மாற்றித் தன் நிகழ்ச்சிக்குத் தானே தொலைபேசியில் பேசித் தன்னையே பாராட்டிக்கொள்கிறார். விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கோ சிரிப்பு பாதியில் நின்றது. ஏன்?

நம் நிலையத்தின் காலை அறிவிப்பாளர் ஹெட்டி பிரேஸ்வெல்லின் நிகழ்ச்சி நேரம் திங்கள் முதல் டெரிக்குக்குப் போகிறது. படகுக்காரர்களுக்குக் காற்றின் நிலையும், தொலைந்த நாய்க்கு வீட்டு வழியும் சொன்ன நேரம். "நேயர்கள் கேட்கிறார்கள்" என்கிறது நிலையம். எந்த நேயர்கள்? எங்கிருக்கும் நேயர்கள்?

நிகழ்ச்சியின்போது ஹெட்டியை நாம் தொலைபேசியில் அழைத்தால் என்ன நடக்கும்?

"ஹெட்டிம்மா, எங்க நாயக் காணோம்."

"மொதல்ல ரேடியோவக் கொறைங்க கண்ணு. என் குரலே எனக்கு ரெண்டு தடவ கேக்குது."

"கொறைச்சா நீ பேசுறது எப்படிம்மா கேக்கும்?"

"அதுக்குத்தானய்யா கையில போன் இருக்கு."

சிரிக்கிறீர்கள். பின்வரிசை ஐயா, போன வாரம் அழைத்தது நீங்கள்தான்.

ரேடியோவைக் குறைக்காமல் அழைக்கும் இந்தத் தவற்றைச் செய்யாதவர் இவ்வூரில் உண்டா? குளிர்காலம் முழுக்க டெரிக்கின் நிகழ்ச்சியைக் கேட்டேன். என் காதையே நம்பாமல் மறுபடியும் கேட்டேன். அழைத்துப் பாராட்டியவர் எவரிடமும் ரேடியோவைக் குறைக்கச் சொல்ல அவருக்கு நேரவில்லை. ரேடியோ ஓடாத வீட்டில் ரசிகர் எப்படி முளைத்தார்?

டெரிக் ஏதோ சொல்கிறார். "என் நேயருங்க வெவரமானவங்க, சொல்லாமலே கொறைச்சிருவாங்க" என்கிறார்.

நடுவரிசை அம்மையாரின் பதிலும் கேட்டிருக்கும்: "ஆர்ல்ஸ்பியிலயா? கல்யாணமான நாள்லேருந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன், இன்னும் கொறைக்கல."

என் ஐயம் தவறாக இருக்கலாம். தவறென்றால் இதே மேடையில் மன்னிப்புக் கேட்பேன். அதனால் பணிவோடு ஒன்று கேட்கிறேன். டெரிக்கை அழைத்துப் பாராட்டியவர் ஒருவரேனும் இருந்தால், எழுந்து நில்லுங்கள்.

காத்திருக்கிறேன்.

சரி, எல்லாரும் உட்கார்ந்தே இருக்கிறீர்கள். ஹெட்டியை ஒருமுறையேனும் அழைத்தவர்கள்?

மெதுவாக. நாற்காலிகள் பழையவை. மேலாளர் அவர்களே, தயவுசெய்து தலை நிமிர்ந்து பாருங்கள். திங்கட்கிழமைக் காலை யாருடையது என்று இவர்களைப் பார்த்தபின் சொல்லுங்கள்.

முன்வரிசையில் யார்... திருமதி டெரிக் ஃபாஸ்டைக், நீங்களுமா?

நின்றவர்களுக்கெல்லாம் என் நன்றி. உங்கள் காலைகள் ஹெட்டியோடு விடியட்டும். வணக்கம்.