செல்லோ சும்மா நிக்கிற எடம்

— இத நீ எழுதல தர்ஷன். எங்கிட்ட கத விடாத.

— நான்தான் எழுதினேன் ஜீவராணி டீச்சர். சத்தியமா.

— சத்தியத்த விடு. திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பொட்டி அடுக்கி, கம்ப்யூட்டர்ல டமால் டமால்னு போடுற ஆளு நீ. திடீர்னு வயலின், வயோலா, செல்லோன்னு எட்டுப் பேருக்கு நோட்டு எழுதிட்டு வந்து நிக்கிற. யாருகிட்ட சுட்ட?

— ஒரு வருசம் ஒக்காந்து படிச்சேன் டீச்சர். மொதல்ல கம்ப்யூட்டர்லதான் போட்டுப் பாத்தேன். அழுக வரல. கையால இழுக்குற நரம்பு வேணும்னு தோணுச்சு.

— சனிக்கெழம ஹட்டன்ல மேடையேறப் போறது எங்கிட்ட படிக்கிற புள்ளைங்க, செல்லோவுக்கு நான். நாளைக்கு ஒருத்தன் வந்து இது என் மெட்டுன்னு சொன்னா, மானம் போறது எனக்கு.

— மெட்டு என்னுது இல்லதான்.

— பாத்தியா. வந்துச்சா வெளிய?

— ஒப்பாரி டீச்சர். பொகவந்தலாவ தேயிலத் தோட்டத்துல, மேக்கணக்கு லயத்து வீட்டுல ஒரு சாவு. மைக் செட்டு என்னுது. அழுத அம்மாகிட்ட அப்புறமா போயி கேட்டுட்டுத்தான் எழுதினேன். அவங்க கொரலுதான் செல்லோ.

— மேக்கணக்குல யாரு வீடு?

— நல்லமுத்து ஐயா வீடு.

— எங்க அப்பா வீடுன்னு தெரியுமா ஒனக்கு?

— தெரியும். அதான் ஒங்ககிட்ட வந்தேன்.

— யாரு அனுப்புனா? யோகேஸ்வரன் அண்ணனா? கேக்காம கட்டிக்கிட்டேன்னு என்னயத் தலமுழுகுனவங்க. அப்பா செத்ததுக்குச் சேதிகூடச் சொல்லல.

— யாரும் அனுப்பல டீச்சர்.

— அப்ப இந்த நோட்டுல இது என்ன? புள்ளைங்க பேர வரிசையாச் சொல்லி அழுற எடந்தானே இது? அண்ணன் பேருக்கு செல்லோ வருது. தம்பி பிரதாப் பேருக்கு வருது. நடுவுல சும்மா நிக்குது. மூணு தடவையும் நிக்குது. எம் பேர அழிச்சது யாரு, நீயா?

— நான் எதையும் அழிக்கல. ஒங்க அம்மா அழுதபடியே எழுதிருக்கேன்.

— அப்ப அவங்களே விட்டுட்டாங்க. அத நான் வேற மேடையில ஒக்காந்து வாசிக்கணுமாக்கும். எடுத்துட்டுப் போ தம்பி.

— பேரச் சொல்லல டீச்சர், ஆனா தாண்டியும் போகல. மூணு தடவையும் ஒங்க பேரு வர்ற எடத்துல வாய மூடிக்கிட்டு, மாருல நாலு அடி அடிச்சுட்டுத்தான் பிரதாப்பக் கூப்புட்டாங்க.