நிக்குமா நிக்காதா

இல்ல மதினி, பஸ்ஸு எரைச்சல்ல தப்பாக் கேட்டுட்டீக, ஆட்டோ இல்ல, ஆட்டோமேட்டா. நானும் மொதல்ல ஒங்கள மாதிரித்தேன், காலேஜுக்குப் போயி ஆட்டோ ஓட்டவா படிக்கிறன்னு எம்மக மாரிசெல்விய வைஞ்சுட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கா. அது என்னமோ, மெஷினுக்கு எம்புட்டு புத்தி உண்டு, எது அதால ஆகவே ஆகாதுங்கிற படிப்பாம்.

நா விஸ்வநத்தத்துல வெடிக் கம்பெனியில சரம் பின்றவ. எனக்குப் புரியிற மாதிரி சொல்லுடின்னேன். சரத்துல ஒரு வெடிய எடுத்துக்கோம்மான்னா. முன்ன எத்தன வெடிச்சது, பின்ன எத்தன கெடக்கு, அதுக்கு ஒன்னுந் தெரியாது. தீ வந்தா வெடிக்கணும், அடுத்ததுக்குத் தள்ளிவிடணும். சின்ன மெஷினுக்கு அம்புட்டுத்தேன் புத்தியாம். இப்பம் எங்க இருக்கோம், அடுத்து எங்க போவணும், அதுக்கு மேல ஞாபகமே கெடையாது. எங்க சூப்பர்வைசர் மாதிரியான்னேன். கரெக்டுங்கா.

இந்தப் பேச்சு ஏன் வந்துச்சுன்னா, எங்க வீட்ல கல்யாணம். சிவகாசியில கம்ப்யூட்டர் ஜாதகம் பாக்கப் போனா, அந்தப் பய மெஷினத் தட்டிட்டு, இந்தக் கல்யாணம் நிக்காது, பாதியிலயே முறிஞ்சிரும்னுட்டான். மாப்ளை தங்கமான மனுசன் மதினி, எங்க கம்பெனி வேன் ஓட்டுறாக. அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா, இவ சிரிக்கா. நிக்காதுன்னா நல்லதுதானம்மா, எங்க பாடத்துல நிக்காதுன்னா ஓடிக்கிட்டே இருக்கும்னு அர்த்தம்ங்கா. இந்தக் கூத்த எங்க போயிச் சொல்ல.

பெறகு நெசமாவே வெளக்குனா. எந்த மெஷினா இருந்தாலும் சரி, ஓடிக்கிட்டே இருக்குமா, ஒரு எடத்துல நிக்குமான்னு முன்கூட்டியே சொல்ற மெஷின எவனாலயும் செய்ய முடியாதாம். கம்ப்யூட்டரு வாரதுக்கு முந்தியே வெளிநாட்டுல ஒருத்தரு காயிதத்துல போட்டுக் காட்டிட்டாராம். எப்படியா? அப்படி ஒரு மெஷினு இருக்குன்னே வச்சுக்கிடுங்க. அதுகிட்ட கல்யாணப் பலன் கேக்க ஒருத்தி வாரா. அது என்ன சொன்னாலும் நேர் எதிராச் செய்யிறவ. சேந்திருப்பன்னு சொன்னா அத்துக்கிட்டுப் போவா, பிரிஞ்சிருவன்னு சொன்னா சாவுற மட்டும் ஒட்டிக்கிட்டுக் கெடப்பா. அவளுக்கு அது என்ன பலன் சொல்லும்? எதச் சொன்னாலும் பொய்யாத்தான போவும். யோசிங்க, யோசிங்க, எனக்கும் அரைநாள் புடிச்சது.

இந்தா, திருத்தங்கல் வந்துருச்சு. வழி விடுங்க மதினி. தைக்கக் குடுத்த சட்டைய வாங்க விருதுநகர் போயி லேட்டாயிருச்சு, அங்கன கல்யாணத்துக்கு எல்லாரும் எனக்காகத்தேன் காத்துக் கெடக்காக. அந்தா, வெள்ள வேட்டியில நிக்காகள்ல, அவுகதேன் மாப்ளை, இருளாண்டி. பக்கத்துல மாலையோட நிக்கிறவ மாரிசெல்வி. என்ன, மாப்ளைக்குத் தல நரச்சிருக்கேன்னு பாக்கீகளா?

கல்யாணம் அவளுக்கு இல்ல மதினி, எனக்கு. அவ அப்பா தவறிப் போயி வருசக்கணக்காச்சு. நா பொறந்ததுலருந்து ஒருத்தர் சொன்னத அப்படியே கேட்டவ இல்ல. அந்த மெஷினு நிக்காதுன்னு சொல்லிருச்சுல்ல, இனி அவுகளே வெரட்டுனாலும் நா போவ மாட்டேன்.