சுமலதாவுக்கு அனுப்புன வெதை

எல்லாருக்கும் வணக்கம். ஒடம்பு கிடம்பு நல்லா இருக்குதா? செஞ்சில ஆடி பொறந்தும் வெயிலு கொறையல. எழுந்திருக்கவே அலுப்பா இருக்குது.

எம் பொண்ணு சுமலதா கனடாவுல இருந்தா. அங்க மே மாசம் வரைக்கும் மண்ணு ஐஸா கெடக்குமாம். மார்ச்சுலயே வூட்டுக்குள்ள, ஜன்னலாண்ட தட்டுல வெதை போட்டு நாத்து வுட்டு, குளிரு போனதும் வெளிய நடணும். ரெண்டு வாட்டி கரு கலைஞ்சு படுத்துட்டா. செடி வெச்சுப் பாரும்மா, மனசு தேறும்னு டாக்டரு சொன்னாராம். தெனம் போன்ல ரெண்டு பேரும் பிளான் போடுவோம். காயிதத்துல கட்டம் போட்டு அனுப்புவா. இங்க அவரைப் பந்தலு, வேலியோரம் கத்திரின்னு.

"அங்க கடையிலயே வெதை விக்குமேடி."

"எனக்கு நீ எடுத்து வெச்ச வெதை தாம்மா வேணும். அது மட்டும் மொளைச்சுட்டா நான் இங்கயே இருந்துருவேன்."

அந்தப் பேச்சு தான் எனக்குப் புடிக்கல.

நெல்லு அவிக்கற வூட்ல பொறந்தவ நான். ஆவி பட்ட வெதை மொளைக்காது. அவளுக்கு அனுப்பற வெதைய இட்லிப் பானையில ஆவி காட்டி, நெழல்ல உலத்தி, சாம்பல்ல பெரட்டிட்டேன். வெதைக்கு சாம்பல் போடறது எங்கூரு வழக்கந்தானே, நெறம் மாறுனது தெரியல. மூணு வருசம் அப்படித்தான் அனுப்புனேன்.

மொத வருசம் அழுதா. அடுத்த வருசம், "ஏம்மா, என்கிட்ட எதுவுமே உசுரோட தங்காதா?"ன்னு கேட்டா. சில பேரு கை அப்படித்தாம்மா, ஊருக்கு வந்துடுன்னேன். இந்த வருசம் மருமவன் எழிலன் கூப்ட்டாரு. "அத்த, வெறும் மண்ணுக்குத் தண்ணி ஊத்திக்கினே உக்காந்திருக்கா. பேசல, சாப்டல. கூட்டியாந்து உட்டுடறேன்."

வந்து ரெண்டு மாசம் ஆவுது. அவரு திரும்பிப் போயிட்டாரு. இவ செவுத்தப் பாத்துக்கினு இருக்கா, ஊட்டுனா ரெண்டு வாய் திங்கறா.

"இன்னாக்கா, பொண்ண பொம்மையாட்டம் உக்கார வெச்சிருக்க?"ன்னு எதிர்வூட்டு லட்சுமியம்மா கேக்கறா.

"பொம்மைன்னாலும் என் வூட்ல தானே இருக்குது."

நேத்து தான் மொதல்ல வாயத் தொறந்தா. "ம்மா, தோட்டத்துல நானும் ஒரு வெதை ஊனட்டுமா?"

வேணாம்னுட்டேன். மறுபடியும் மொளைக்கலன்னா பாவம், தாங்கமாட்டா. பெத்தவ நான் தானே பாத்து நடந்துக்கணும்.

வெளிநாடு போன புள்ளைங்கள நீங்கள்லாம் எப்படித் திருப்பிக் கூட்டியாந்தீங்க? எழுதுங்க.