ஜூன் மாதத்து நிழல்

“ஜூன் மாசத்துல விழுந்திருக்கிற நிழல் என்னோடதுக்கா.”

பூந்தமல்லியில் நான் ஏறிய பேருந்து நசரத்பேட்டை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, முன் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்தது. சொன்னவள், தன் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் அச்சடித்த காலண்டரைப் பக்கத்திலிருந்த அக்காவின் மடியில் விரித்தாள். விடியற்காலை ஏரிக்கரை. ஈர மண்ணில், துப்பட்டா பறக்க, நீளமாக ஒரு பெண்ணின் நிழல்.

“நீ எடுத்த போட்டோவா இது? கீழ உன் ஊட்டுக்காரர் பேரு போட்டுக்கீது?”

“ஃபிளாட் அவர் பேர்ல இருக்குல்ல. சங்கத்துல அதையே போட்டுட்டாங்க.”

“அவராச்சும் சொல்ல வாணாமா?”

“‘ஒரே வீடுதானே, விடு’ங்கிறார். கேமராவத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லக்கா அவர். அந்த வெளிச்சத்துக்காக இருட்டோட எழுந்து போய் எத்தனை நாள் சும்மா திரும்பி வந்திருப்பேன்! அன்னிக்குத்தான் அது தண்ணி மேல வந்து விழுந்துச்சு.”

“அத நீ அல்லாரு முன்னாலயும் சொல்றதுக்கு இன்னா?”

“எங்க சொல்றது? காலண்டர் வெளியிட்ட மேடையில அவருக்குச் சால்வை போட்டாங்க. செயலாளர் மைக்கிலயே கேட்டார், ‘நிழல் அற்புதம் சார், யார் அது?’ன்னு.”

“அதுக்கு இன்னா சொன்னாரு?”

அவள் காலண்டரை இறுக்கிச் சுருட்டினாள்.

“‘என் ஒய்ஃப்தான் சார். நான் எடுக்கும்போது குறுக்க வந்து நின்னுட்டா’ன்னார்.”